திரை சுருட்டிய பின் எழுந்த பேச்சு

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர். எந்தப் படம் எந்த ஆண்டில் வெளிவந்தது, யார் இயக்கினார், யார் பாடினார், எத்தனை நாள் ஓடியது என்னும் செய்திகளை அவர்கள் பொறுமையுடன் திரட்டித் தந்துள்ளனர். அவ்வுழைப்பு பாராட்டுக்குரியதே. ஆயினும், படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய மனிதன் வழியில் தன் தோழனிடம் என்ன சொன்னான் என்பதை அந்நூல்களில் தேடினால் கிடைப்பது அரிது. படம் எடுத்தவனுக்கு வரலாறு உண்டு. பார்த்துப் பேசியவனுக்கு இல்லை. பேச்சு காற்றோடு போவது. ஏட்டில் ஏறாத ஒன்றை நிகழாத ஒன்றாகவே கருதிவிடும் பழக்கம் வரலாற்று நூல்களுக்கு உண்டு.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில், இரண்டாம் உலகப்போர் முடிந்த காலந்தொட்டு எழுபதுகள் வரை, படம் பார்த்தோரிடையே நடந்த பேச்சு அத்தகையது. அதனை வெறும் வாயாடல் என்று தள்ளியோர் அந்நாளிலும் இருந்தனர்; இந்நாளிலும் உள்ளனர். தள்ளியோருள் ஆசிரியர்களே மிகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால், நான்கு அல்லது ஆறு ஆண்டுகளுக்கு மேல் பள்ளி வாயிலை மிதித்தறியாத ஒரு மக்கள்கூட்டம், தமிழில் எடை போடவும், மறுக்கவும், காரணம் காட்டவும், தன் கருத்தைப் பிறர் முன் நிலைநாட்டவும் பழகிய இடங்களுள் இப்பேச்சும் ஒன்று. அவ்வகையில் அது கல்வி வரலாற்றுக்கும் உரியது.

இப்பேச்சின் வேர் தமிழகத்தில் உள்ளது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று அசையும் படத்தைக் காட்டினர். ஓரிரு ஆண்டுகளில் அப்புதுமை சென்னைக்கு வந்து சேர்ந்தது. திருச்சியில் இரயில்வே அலுவலராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அக்காலத்தை ஊமைப்படக் காலம் என்கிறோம். ஊமையாக இருந்தது படமே ஒழியக் கொட்டகை அன்று. திரைக்கு அருகில் நின்று கதையை உரக்க விளக்குவோர் இருந்தனர்; அவர்களோடு வாதிடுவோரும் இருந்திருப்பர் அன்றோ! 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளியான 'காளிதாஸ்' படத்தில் நாயகி டி.பி.இராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி தந்தான். படம் பேசியதே பெருவியப்பாக இருந்ததால், எந்த மொழியில் பேசியது என்பதை மக்கள் பெரிதாக எண்ணவில்லை.

படத்தைப் பற்றிய பேச்சு அச்சேறியதும் முப்பதுகளில்தான். 'ஆனந்த விகட'னில் கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' என்ற பகுதியை எழுதி வந்தார். இசை, நாடகம், படம் ஆகிய எல்லாம் அங்குப் பேசப்பட்டன. 'பேசப்பட்டன' என்ற சொல்லே அதற்குப் பொருத்தம். வடமொழி மிடைந்த நடையிலோ, புலவர் உரைநடையிலோ அவர் எழுதவில்லை. திண்ணையில் அமர்ந்து நண்பரிடம் கதைப்பதைப் போல எழுதினார், கேலி செய்தார், பிடித்ததைப் பிடித்தது என்றார். தமிழ்த் திரைத் திறனாய்வு நூலகத்திலிருந்து பிறக்கவில்லை. நண்பர் உரையாடலின் சாயலைத் தாங்கிக்கொண்டே பிறந்தது என்பதற்கு அப்பகுதி சான்று.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூல் ஒன்றில் கூறிய கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைக் கண்ட முதல் அரங்கு திரையரங்கே என்பது அவர் துணிபு. கோயிலில் எல்லாரும் நுழைய இயலாத காலம். சபைகளில் எல்லாரும் அமர இயலாத காலம். காசின் அளவுக்கேற்பத் தரையும் நாற்காலியும் வேறுபட்டன என்றாலும், பார்த்த படம் ஒன்றே. ஒன்றைப் பார்த்தவர்கள்தாமே ஒன்றைப் பற்றிப் பேச முடியும்!

மலாயாத் தோட்டங்களுக்குக் கூரையும் இல்லை. இங்குத் தமிழ்ப் படம் முதலில் நகரத்திற்கு வந்தது. கோலாலம்பூரில் இருபதுகளின் தொடக்கத்திலேயே எழுந்த கொலிசியம் அரங்கு பிற்காலத்தில் தமிழ்ப் படங்களுக்கு நிலையான இடமாயிற்று. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு நகரம் எட்டாத் தொலைவு. பேருந்துக் கூலி, அரங்கக் கூலி, ஒருநாள் சம்பள இழப்பு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே அவன் படத்தை நினைக்க முடியும். போர்க்காலத்திலோ புதிய படங்களின் வரவே நின்றுபோயிற்று. போருக்குப் பின், 1946ஆம் ஆண்டில் மலாயாப் படப்பிரிவு அமைக்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கத் தகவல் துறையின் ஊர்திகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று படம் காட்டின. அவை அரசின் செய்தியைச் சொல்ல வந்த படங்கள். அவற்றின் தமிழ் விளக்கவுரையைக் கேட்டோர் உண்டு. எனினும் மக்கள் காத்திருந்தது அவற்றுக்காக அன்று. தோட்ட நிருவாகமோ, மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவோ ஏற்பாடு செய்யும் தமிழ்ப் படத்துக்காகவே காத்திருந்தனர்.

அந்த இரவின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பேச்சின் இயல்பை அதுவே தீர்மானித்தது. மாலையில் ஊர்தி செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவர். திடலில் இரண்டு மரக்கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவர். சாக்கும் பாயும் கொண்டு இடம் பிடிக்கும் வேலை பொழுது சாயுமுன்பே தொடங்கிவிடும். நாற்காலிகள் கிராணிமாருக்கு. தொழிலாளர் தரையில் அமர்வர். முன்புறம் இடம் நிறைந்துவிட்டால் துணியின் பின்புறம் அமர்ந்து பார்ப்பதும் உண்டு. துணி மெல்லியதாகையால் படம் இருபுறமும் தெரியும். மின்னாக்கியின் இரைச்சல் ஒருபுறம். ஒளிக்கற்றையில் மொய்க்கும் ஈசல் ஒருபுறம். மழை வந்தால் எல்லாம் முடிந்தது.

இவற்றுள் வரலாற்றுக்கு மிகவும் வேண்டியது ஒரு சிறு செய்தி. படம் ஓட்டுபவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே கருவிதான். ஆகவே ஒரு சுருள் தீர்ந்ததும் அடுத்ததை மாட்டும்வரை படம் நிற்கும். நகரத்து அரங்கில் இரண்டு கருவிகள் உண்டாதலால் அங்கு இந்த நிறுத்தம் இல்லை, இடைவேளை ஒன்றே. தோட்டத்துத் திடலிலோ படம் ஒன்றுக்குப் பல இடைவேளைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேச்சு எழும். இனி என்ன நடக்கும் என்று ஒருவர் ஊகிப்பார்; இல்லை என்று மற்றவர் மறுப்பார்; கண் மங்கிய பாட்டிக்குப் பேரன் நடந்ததை எடுத்துச் சொல்வான். "அண்ணே, அவன் சாக மாட்டான் பாருங்க, பாட்டு இன்னும் ரெண்டு இருக்கு" என்று பாட்டுப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குச் சொல்பவன் ஒருவன் எல்லாத் தோட்டத்திலும் இருந்தான். கதையின் போக்கைக் கட்டமைப்பிலிருந்து உய்த்துணரும் அத்திறத்தை, பின்னாளில் பல்கலைக்கழக வகுப்புகளில் வேறு பெயரிட்டுக் கற்பித்தார்கள்.

பாட்டுப்புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். சில தாள்களே கொண்ட மலிவுப் பதிப்பு அது. முதலில் நடிகர் பட்டியல், பிறகு கதைச்சுருக்கம், பிறகு பாடல்கள். கதைச்சுருக்கம் முடிவைச் சொல்லாது. சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, எஞ்சியதை வெள்ளித்திரையில் காணுமாறு பணித்துவிடும். படம் பார்க்க வாய்ப்பில்லாத தோட்டங்களில் அந்த எஞ்சிய பகுதியை நிரப்பியவர் நகரத்திற்குச் சென்று பார்த்து வந்தவர். அவர் சொல்வதே அங்குப் படம். சொல்பவர் நடித்துக் காட்டுவார்; பிடிக்காத பகுதியைச் சுருக்குவார்; பிடித்ததை நீட்டுவார். பல மாதங்கள் கழித்து அதே படம் திடலுக்கு வரும்போது, அவர் சொன்ன கதை படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்று சிலர் ஏமாற்றம் அடைந்ததும் உண்டு. எழுத்தறிவு குறைந்த பலரை எழுத்துக் கூட்ட வைத்ததும் இப்புத்தகமே. மனத்தில் ஏற்கெனவே பாடமாகிவிட்ட வரியைத் தாளில் கண்டு, இது இன்ன எழுத்து என்று அறிவது எத்துணை எளிய முறை! தமிழ்ப்பள்ளிகள் இதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பையில் பாட்டுப்புத்தகம் வைத்திருந்த மாணவன் அடியே வாங்கினான்.

மறுநாள் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேச்சு மீண்டும் தொடங்கும். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரையில் உள்ள சில நிமிடங்கள், தூக்கம் கலையாத முகங்கள், கையில் பால்வாளி. பின்னர் அவரவர் நிரைக்குச் சென்றுவிட்டால், அடுத்த நிரையில் மரம் வெட்டுபவரோடு குரல் கொடுத்துத் தொடரும். வெட்டி முடித்துப் பால் இறங்கக் காத்திருக்கும் வேளையில், கொண்டுவந்த உணவை அவிழ்த்துப் பசியாறும்போதுதான் அது முழு வடிவம் பெறும். அங்கே அவசரம் இல்லை. பால் கோப்பையில் நிரம்பும்வரை நேரம் உண்டு. பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது முடிவுரை. இவ்வாறு ஒரு படம் இரண்டு மூன்று வாரங்கள் வரை தோட்டத்தில் உயிரோடு இருந்தது. அடுத்த படம் வரும்வரை அதனைச் சிறிது சிறிதாகச் செலவழித்தார்கள் என்று சொல்வது பொருந்தும்.

ஆண்கள் பேசியதும் பெண்கள் பேசியதும் ஒன்றல்ல. ஆண்கள் சண்டையையும் வசனத்தையும் நாயகனின் நடையையும் பற்றிப் பேசினர். பெண்களின் பேச்சு லயத்துக் குழாயடியில், நீர் நிரம்பக் காத்திருக்கும்போது நடந்தது. மாமியார் செய்தது முறையா, அண்ணன் தங்கைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தானா, கணவன் ஐயுற்றபோது அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பன அங்குள்ள வழக்குகள். பிறர் வீட்டைப் பெயர் சொல்லிப் பேசினால் சண்டை வரும். படத்தில் வந்த வீட்டைப் பேசினால் வராது. ஆகவே தம் வீட்டுத் துயரங்களைப் படத்து மாந்தர்மேல் ஏற்றிப் பேசினர். 1961ஆம் ஆண்டில் ஏ.பீம்சிங் இயக்கி வெளிவந்த 'பாசமலர்' போன்ற படங்களுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் ஒன்றே: எவ்வளவு அழுதோம் என்பது. படித்தோர் இதனை நகைப்பர். தொல்காப்பியர் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்ததைப் பாடமாக நடத்தும் ஆசிரியரும் நகைத்தார் என்றால், அதுதான் நகைப்புக்கு இடம்.

இப்பேச்சின் வரலாற்றில் 1952ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டுத் தீபாவளிக்குத் தமிழகத்தில் 'பராசக்தி' வெளியாயிற்று. மு.கருணாநிதியின் உரையாடல், சிவாஜி கணேசனின் முதல் தோற்றம், கிருஷ்ணன் – பஞ்சு இருவரின் இயக்கம் என்பன எல்லாரும் அறிந்தவை. கோயிற் காட்சிக்காக அங்கு எழுந்த எதிர்ப்பும், தடை செய்ய வேண்டும் என்ற கூக்குரலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. மலாயாத் தமிழருக்கு அப்படத்தில் வேறொன்று இருந்தது. அதனைத் தமிழகத்து நூல்கள் போதிய அளவு கூறவில்லை. கதை கடல் கடந்த தமிழரைப் பற்றியது. அண்ணன்மார் மூவர் இரங்கூனில், ஒரே தங்கை மதுரையில், இடையில் போர். தங்கையின் திருமணத்திற்குச் செல்லக் கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. பின்னர்க் குண்டு வீச்சு, அகதிகளின் நெடும்பயணம், பிரிந்தோர் ஒருவரையொருவர் அறியாத அவலம்.

இதனைக் கண்ட மலாயாத் தோட்டத் தொழிலாளிக்கு இது கட்டுக்கதையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. 1942 முதல் 1945 வரை கடிதம் இல்லை, கப்பல் இல்லை. சயாம் – பர்மா இரயில்பாதை போடுவதற்காகப் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. திரும்பாதவனின் தாய், தமையன், மனைவி ஆகியோர் திடலில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்தனர். போதாக்குறைக்கு, 1953ஆம் ஆண்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஊரிலிருந்து உறவினர் தொழிலாளராக வரும் வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. அக்கரையில் ஒரு தங்கை, இக்கரையில் ஓர் அண்ணன் என்பது ஆயிரம் லயங்களின் நிலை. தமிழகத்தில் அப்படம் பகுத்தறிவுப் பேச்சையும் அரசியல் பேச்சையும் கிளப்பியது. இங்கும் சீர்திருத்தக் கழகத்தார் அதனைக் கொண்டாடினர். ஆனால் இங்குப் படத்தின் முற்பகுதியே, அதாவது அந்தக் கப்பலே, நெஞ்சில் தைக்கக்கூடியதாக இருந்தது. ஒரே படம் இருவேறு கரைகளில் இருவேறு பேச்சைப் பிறப்பிக்கும் என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அப்படத்தால் நேர்ந்த மற்றொரு விளைவு மொழி பற்றியது. தோட்டத்து இளைஞர் அடுக்குமொழி வசனத்தை மனப்பாடம் செய்தனர். வசனப் புத்தகமும் இசைத்தட்டும் துணை செய்தன. 1959ஆம் ஆண்டின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த பிறகு, தமிழ்ப்பள்ளி விழாக்களில் அட்டை வாளுடன் ஒரு கட்டபொம்மன் தோன்றாத ஆண்டே இல்லை எனும்படி ஆயிற்று. கோ.சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளும், 'தமிழ் முரசு' வளர்த்த மாணவர் மணிமன்றமும் மேடைகளை அமைத்துக் கொடுத்தன. அம்மேடைகளுக்கு வந்த இளைஞருள் பலர், நாவசைக்கப் பழகியது பசியாறும் இடத்தில் வசனத்தை ஒப்பித்து, "நீ சொன்னது தப்புடா, 'ழ'கரம் சரியா வரல" என்று தோழனால் திருத்தப்பட்டபோதுதான். செந்தமிழ் ஒலிப்பைத் தோழன் திருத்துகிறான்; ஆசிரியர் அருகில் இல்லை. இதனை விளையாட்டு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. தமிழாசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டியது. 1965ஆம் ஆண்டு ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் 'திருவிளையாடல்' வந்தது. பொற்கிழிக்காக ஏங்கும் தருமியாக நாகேஷ் வருகிறார். இறைவன் தந்த பாடலில் நக்கீரர் குற்றம் காண்கிறார். மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா, பூவாலும் நெய்யாலும் வருவதா என்பது வழக்கு. அப்பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாடல்; இறையனார் பெயரில் உள்ளது. உ.வே.சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த உரையைப் பயின்றோர் அன்று மலாயாவில் எத்தனை பேர் இருந்திருப்பர்? விரல்விட்டு எண்ணலாம். திடலில் அமர்ந்து அப்பாடலைக் காதால் கேட்டோரோ இலட்சக்கணக்கானோர். மறுநாள் பேச்சில் எழுந்த வினாக்கள் நேர்மையானவை. நக்கீரன் சொன்னது சரிதானா? சரியென்றால் கடவுளை எதிர்த்தது தகுமா? தலைக்கு எண்ணெய் வைக்காமல் விட்டால் என்ன மணம் வரும் என்று குழாயடியில் ஒருத்தி கேட்டுச் சிரிப்பை எழுப்பியிருந்தால், அவள் நக்கீரர் பக்கம் நின்றாள் என்று கொள்க. சங்கச் செய்யுள் ஒன்றின் பொருளைப் பற்றித் தொழிலாளர் ஒரு கருத்துக்கொண்டு பேச முடிந்தது. அக்கருத்து சரியோ தவறோ, அது பிறகு பார்க்கவேண்டிய செய்தி. மறுநாள் காலையில் வகுப்பில் நின்ற ஆசிரியர் இதிலிருந்து குறுந்தொகைக்கு ஒரு படி அமைத்திருக்கலாம். அமைத்தோர் சிலரே.

மலாய்ப் படங்களும் இப்பேச்சில் இடம் பெற்றன. சிங்கப்பூர் ஜாலான் அம்பாசில் ஷா உடன்பிறந்தார் நடத்திய படப்பிடிப்பு நிலையத்திலும், அதற்குப் போட்டியாக 1953இல் எழுந்த கேத்தே கெரிஸ் நிலையத்திலும் இந்திய இயக்குநர் பலர் பணியாற்றினர். பி.எஸ்.ராஜன்ஸ், பி.என்.ராவ், பாணி மஜும்தார் ஆகியோருடன், சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல்.கிருஷ்ணனும் அவர்களுள் ஒருவர். பி.ரம்லி நடித்த படங்களின் பாட்டும் அழுகையும் நகைச்சுவையும் தமிழருக்கு அயலாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம். 1955இல் ரம்லி தாமே முதன்முதலாக இயக்கிய 'பெனாரே பெச்சா'வில் வரும் ஏழை மிதிவண்டி ஓட்டியைத் தமிழ்த் தொழிலாளி தன் உறவினனாகவே கண்டான். கம்பத்து மலாய்க்காரரும் தோட்டத்துத் திடலுக்கு வந்து எம்.ஜி.ஆரின் வாள்வீச்சைக் கண்டு மகிழ்ந்தனர். அவ்விருவரும் சாலையோர ஒட்டுக்கடையில் சந்தித்தபோது, அரைகுறை மலாயில் பேசிக்கொள்ள அவர்களுக்குப் படம் ஒரு பொருளாக இருந்தது.

குறைகளைக் கூறாமல் விடுவது நடுநிலை ஆகாது. நாயகர்பால் கொண்ட பற்று அளவுகடந்து, எம்.ஜி.ஆர் கட்சி, சிவாஜி கட்சி என்று தோட்டங்கள் பிளவுபட்டன. மைத்துனர் இருவர் பேசாமல் இருந்ததும், கள்ளுக்கடையில் தொடங்கிய வாக்குவாதம் கைகலப்பில் முடிந்ததும் அக்காலத்தார் பலரும் அறிந்தவை. நடிகரைத் தெய்வமாக்கிய பேச்சில் ஆய்வுக்கு இடம் இல்லை. 'எங்க ஆளு' என்ற ஒரு சொல்லில் எல்லா வாதமும் முடிந்துவிடும். தொழிற்சங்கக் கூட்டத்திற்கு வராதவர் படத்திற்கு வந்தனர் என்று தலைவர்கள் குறைப்பட்டதில் நியாயம் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கள் கொண்டுபோக, மற்றொரு பகுதியைக் கனவு கொண்டுபோயிற்று என்போரை மறுப்பது எளிதன்று. ஆயினும் கள்ளுக்கடையைக் கண்டித்தவர்கள் அதனுடன் படப்பேச்சையும் ஒரே தட்டில் வைத்தது முறையன்று. கள்ளுண்டவன் மறுநாள் தலைவலியோடு வேலைக்கு வந்தான். படம் பார்த்தவன் ஒரு வழக்கோடு வந்தான்.

அறுபதுகளில் சூழல் மாறத் தொடங்கிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1963இல் தொலைக்காட்சி வந்தது. தோட்ட மனமகிழ் மன்றத்தில் ஒரே பெட்டி இருந்தவரை கூட்டமும் பேச்சும் குறையவில்லை. தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும் நாளில் சன்னலுக்கு வெளியேயும் தலைகள் தெரிந்தன. பெட்டி வீட்டுக்கு ஒன்றாக ஆனபின் திடல் வெறிச்சோடியது. எண்பதுகளில் ஒளிநாடா வந்தது. 1996இல் துணைக்கோள வழி கட்டணத் தொலைக்காட்சி வந்தது. இவற்றைக் காட்டிலும் பெரிய மாற்றம் தோட்டமே இல்லாமற் போனது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் துண்டாடல். எண்பதுகளுக்குப் பின் செம்பனையும் வீடமைப்பும். 1957இல் எண்ணூறுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியதும் இதே காலத்தில்தான். தொழிலாளர் குடும்பங்கள் நகரோர அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. அங்கே பக்கத்து நிரை இல்லை. பால் இறங்கும்வரை காத்திருக்கும் வேளையும் இல்லை. படங்கள் முன்னினும் மிகுந்தன; ஒரு படத்தை மூன்று வாரம் வைத்துப் பேசும் ஓய்வு மட்டும் போயிற்று.

அண்மைக் காலத்தில் தோட்ட வாழ்வே படமாகியுள்ளது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005இலும், சஞ்சய் பெருமாளின் 'ஜகாட்' 2015இலும் வெளிவந்தன. பின்னது மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படமாகத் தெரிவு செய்யப்பட்டது. திடலில் அமர்ந்து பார்த்தவரின் பேரப்பிள்ளைகள் திரைக்குப் பின்னால் சென்று கருவியை இயக்கத் தொடங்கினர். அவர்கள் தோட்டத்தைக் காட்டினார்கள். தோட்டம் படத்தைப் பார்த்துப் பேசியதைக் காட்டும் நூலோ ஏடோ இன்னும் எழுதப்படவில்லை.

அதற்கான சான்றுகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. 'பராசக்தி'யைத் திடலில் இளமையில் கண்டவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர். 'தமிழ் நேசன்' 1924 முதல் 2019 வரை வெளிவந்து நின்றுபோயிற்று. அதன் பழைய ஏடுகளில் பட விளம்பரம் கிடைக்கும். பார்த்தவர் பேச்சு கிடைக்காது. இரும்புப் பெட்டியின் அடியில் யாரேனும் போட்டு வைத்த பாட்டுப்புத்தகங்கள் செல்லரித்துக் கிடக்கலாம். பாட்டனைப் பற்றிக் கட்டுரை எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கும் ஆசிரியர் வழக்கமாகத் தரும் வினாக்கள், எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டில் வந்தார், என்ன வேலை செய்தார் என்பன. அவற்றோடு வேறு சில வினாக்களும் இருக்கலாம். படம் வந்த மறுநாள் பிரட்டில் முதலில் வாய் திறந்தவர் யார்? எந்தப் படத்துக்காக யாரோடு பேச்சை நிறுத்தினார்? பாட்டி எந்தக் காட்சியில் எழுந்து லயத்துக்குப் போய்விட்டார், ஏன்? துணியின் எந்தப் பக்கம் அமர்ந்து பார்த்தார்?

கடைசி வினா அற்பமானதாகத் தோன்றக்கூடும். பின்புறம் அமர்ந்தோர்க்குப் பெயரெழுத்துகள் தலைமாறித் தெரிந்தன, எம்.ஜி.ஆர் இடக்கையால் வாள் சுழற்றினார். இடப்பக்கம் நின்ற நாயகி வலப்பக்கம் நின்றாள். மறுநாள் மரத்தடியில், நாயகன் வாள் பிடித்தது எந்தக் கையில் என்று முன்புறத்தாரும் பின்புறத்தாரும் வாதிட்டனர். இரு சாராரும் தாம் கண்டதையே சொன்னார்கள்.